பாதியில் நிற்கும் கருவாட்டுப் பாடம்

பாம்பனில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கணவர் விசைப்படகில் போகிறார். நான் வீட்டிலேயே கருவாடு காயப்போட்டு, ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புகிறேன். எப்படிச் செய்கிறீர்கள், கற்றுத் தருவீர்களா என்று பலர் கேட்கிறார்கள். அதனால் ஒரு பிடிஎஃப் புத்தகமும் வீடியோ வகுப்பும் தயாரித்து ஆன்லைனில் விற்கலாம் என்று தொடங்கினேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. 40 பக்கம் எழுதினேன், மூன்று வீடியோ எடுத்தேன். அப்புறம் ஓடவில்லை. உட்கார்ந்தால் கை போனுக்குத்தான் போகிறது. வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் மொத்தமாக முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். கவனம் சிதறாமல் இருக்க வழி சொல்லுங்கள்."

சகோதரி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். ஆர்டர் வந்த கருவாடு எட்டு மாதம் உங்கள் வீட்டில் அனுப்பாமல் கிடந்ததுண்டா? கிடந்திருக்காது. தூறல் விழுந்தால் ஓடிப்போய் அள்ளியிருப்பீர்கள், மறுநாள் வெயிலில் திரும்பக் காயப்போட்டு, பொட்டலம் கட்டி, முகவரி எழுதி அனுப்பியிருப்பீர்கள். அதே கைதான் புத்தகத்தின் முன்னால் ஓடாமல் நிற்கிறது. ஆகவே உங்களுக்குக் கவனம் போதாது என்று நான் நம்பவில்லை. கருவாட்டுக்கு மதுரையிலோ கோவையிலோ ஒருவர் பணம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். புத்தகத்துக்கு அப்படி யாருமில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சிறு கடைக்காரர்கள் கணக்கு எழுதுவது பற்றி ஒரு வகுப்பு தயாரிக்கிறேன் என்று ஒன்றரை வருடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவில் எத்தனை முறை சோர்ந்து எழுந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. முடித்து வெளியிட்டபோது வாங்கிய சிலரும் கேட்டது ஒரே விஷயம்தான்: கடன் பாக்கியை எப்படிக் குறித்து வைப்பது? அதை நான் கடைசிப் பாடத்தில் ஒரு ஓரமாகச் சொல்லியிருந்தேன்.

அதனால் அந்த 40 பக்கத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். வாட்ஸ்அப்பைத் திறந்து, "கற்றுத் தருவீர்களா" என்று கேட்டவர்களின் செய்திகளை மேலே தள்ளித் தேடி, அவர்கள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். "ஏன் வாடை வருகிறது", "எத்தனை நாள் காய வேண்டும்", "மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறதே" என்று பத்திருபது கேள்வி தேறும். அதில் அதிகம் பேர் கேட்டது எதுவோ அதுதான் உங்கள் முதல் பாடம். பிறகு அவர்களுக்கே எழுதுங்கள்: நெத்திலிக் கருவாடு மட்டும், ஐந்து சின்னப் பாடம், இந்தத் தேதியில் தொடங்கி வாரம் ஒன்றாக அனுப்புவேன், விலை இவ்வளவு, பத்துப் பேருக்குத்தான் இடம். பாடம் இன்னும் தயாராகவில்லை, சேருகிறவர்களின் சந்தேகத்தை வைத்துத்தான் எடுக்கப்போகிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஐந்து பேர்கூட சேரவில்லை என்றால் வாங்கிய பணத்தை அன்றைக்கே ஜிபேயில் திருப்பிப் போடுங்கள். எட்டு மாதம் வீணாவதற்கு எட்டு நாள் வீணாவது மேல். சேர்ந்துவிட்டால், வெள்ளிக்கிழமை பாடம் வராதபோது "என்னக்கா, பாடம் வரலையே" என்று கேட்க ஆள் இருக்கும். ஊக்கம் தரும் பேச்சு எத்தனை கேட்டாலும் அந்த ஒரு செய்திக்கு ஈடாகாது.

பாடம் சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. எடெக்ஸ் இணைய வகுப்புகளில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட விவரங்களை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களைத்தான் மாணவர்கள் அதிகம் கடைசிவரை பார்த்தார்கள். நீங்கள் எடுத்த மூன்றும் எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. அரை மணி நேரம் என்றால் அதற்குள் ஐந்து பாடம் ஏற்கெனவே இருக்கிறது, வெட்டினால் போதும்.

தடைக்காலத் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பது நிறைய நேரம் போலத் தெரியும். ஆனால் அப்போதுதான் கணவர் கரையில், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, படகு மராமத்து, வலை வேலை, கையில் காசும் இறுக்கம். விசைப்படகு மீனும் வராது, நாட்டுப்படகு மீனை நம்பித்தான் படம் பிடிக்க வேண்டும். மனிதர்கள் போடும் நாள்கணக்கும் பொதுவாகத் தப்பும். 1994-இல் உளவியலாளர் ராஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். எல்லாமே தடங்கலானால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல்.

நம் கரைக்கு வேலையைப் பருவம் பார்த்துப் பிரிப்பதுதான் சரிப்படும். வெயிலும் மீனும் சேர்ந்து கிடைக்கிற பிப்ரவரி, மார்ச்சில் படம் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கருவாடு எப்படியும் காயாது, எழுத்து வேலையை அங்கே தள்ளுங்கள். பாம்பன் காற்றில் கரையில் நின்று பேசினால் உங்கள் குரல் ஒரு சொல்கூடக் கேட்காது. கரையில் கை வேலையை மட்டும் படமெடுத்து, குரலை வீட்டுக்குள் மெத்தை, போர்வை கிடக்கும் அறையில் தனியாகப் பதிந்து சேர்த்துவிடுங்கள்.

வாரத்துக்குள் எப்போது உட்காருவது? "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் விளக்கிய எளிய முறை உண்டு: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. உங்கள் வீட்டில் மணியைவிடப் படகுதான் நேரம் சொல்லும். "அவர் டோக்கன் (மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு) வாங்கிக் கடலுக்குப் போன அன்று, ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியதும் ஒரு பாடம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு திரும்பும் நாளில் எதுவும் வேண்டாம், அன்றைக்கு மீன் வேலையே சரியாக இருக்கும். காற்று எச்சரிக்கை வந்து டோக்கன் நின்றுவிட்டால்? அதற்கும் இப்போதே முடிவு செய்யுங்கள்: அன்று எழுத்து இல்லை, வாடிக்கையாளர் கேள்வி ஒன்றுக்குக் குரலில் பதில் பதிவு செய்தால் போதும்.

போன் விஷயம். உங்களுக்கு அதுதான் கடை, அதுதான் பட்டறை. "போனைத் தூக்கி வை" என்று சொல்கிறவர்களுக்கு இது புரியாது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். ஆர்டர் செய்தியைப் பார்த்துவிட்டு எழுத வந்தால் அரை மனசுதான் வரும். ஆர்டருக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தனி எண் வைத்து, "மதியம் இரண்டு மணிக்குப் பதில் வரும்" என்று தானாகப் போகிற செய்தி போட்டுவிடுங்கள். பழைய போன் ஏதாவது கிடந்தால் சிம் இல்லாமல் அதைப் படமெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். எழுதுவது கஷ்டமாக இருந்தால் கூகுள் கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுங்கள், எழுத்தாக விழும். பிழையை அப்புறம் திருத்தலாம். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற முறையையும் பலர் சொல்வார்கள். எழுத்துக்கு நல்லதுதான். நெத்திலி காயும்போது படமெடுக்கிறவருக்கு வெயில்தான் கடிகாரம்.

இன்னொன்று, வீடியோவில் மீன் விலை, கூரியர் கட்டணம், உணவுப் பாதுகாப்புப் பதிவு விதி இதையெல்லாம் பேசாதீர்கள். அவை மாறும், மாறினால் மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டும், அங்கேயே மனசு விட்டுப்போகும். ஒரு தனிப் பக்கத்தில் எழுதி, மாறும்போது அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி அனுப்புங்கள்.

மூடி வைத்த 40 பக்கத்தை அழித்துவிட வேண்டாம். பாடம் பாடமாகப் போகும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் பாடம் போன பிறகு, பணம் கட்டியவர்கள் திரும்பக் கேட்ட கேள்விகளோடு எனக்கு எழுதுங்கள். முழு வகுப்புக்கு என்ன விலை வைப்பது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.