லேப்டாப்பில் கைரேகை வைத்துத் திறப்பது பாதுகாப்பானதா, பழைய பாஸ்வர்டே போதுமா?

நீங்களும் என்னைப் போல வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே லேப்டாப்பை வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கைரேகை நல்லதுதான். ஆனால் லேப்டாப்பைத் திறக்கும் உங்கள் பின் (PIN) நம்பர் யார் யாருக்குத் தெரியும் என்று முதலில் யோசியுங்கள்.

நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் நாலைந்து சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆட்களின் சம்பளம், அடையாள அட்டை எண் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். போன தீபாவளிக்கு வந்த அண்ணன் மகன் காலேஜ் அசைன்மென்ட் ஒன்றை பிரிண்ட் எடுக்கணும் என்றான். அடுப்பில் முறுக்குக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பின் நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஐந்து மாதம் கழித்து மறுபடி வந்தவன், என் கண்ணெதிரே தன் விரலை வைத்தான், திறந்துகொண்டது! "அப்பவே என் விரலையும் சேர்த்துட்டேனே அத்தை, உங்கள சும்மா சும்மா கூப்பிட வேணாம்னுதான்" என்கிறான். பையனைக் குறை சொல்லவில்லை, அவன் எதையும் தொடவில்லை. ஆனால் அதற்குள் நான் பின் நம்பரை இரண்டு முறை மாற்றியிருந்தேன், அதனால் பயமில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விண்டோஸில் பின் நம்பர் தெரிந்த யாரும் புது விரலைச் சேர்க்கலாம். யார் யார் விரல் இருக்கிறது என்று பட்டியல் காட்டாது. நீக்கினால் எல்லா விரலும் ஒன்றாகப் போய்விடும், அப்புறம் நம்முடையதை மறுபடி பதிய வேண்டும். அப்படித்தான் செய்தேன். வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி யூசர் கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நான் கணினி படித்தவள் இல்லை. ஆனாலும் "மைக்ரோசாஃப்ட் நம் ரேகையை எடுத்துக்கொள்ளுமே" என்பவர்களுக்கு: விண்டோஸ் ஹலோ, அதாவது விண்டோஸில் விரலை வைத்துத் திறக்கும் அந்த வசதி, ரேகையின் படத்தை வைத்துக்கொள்வதில்லை, அதிலிருந்து எடுத்த அடையாளக் குறிப்பு மட்டும் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. 2023-ல் பிளாக்விங் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டெல், லெனோவோ, மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் என மூன்றின் கைரேகைப் பூட்டையும் உடைத்துக் காட்டியதும் தெரியும், ஆனால் அதற்கு லேப்டாப் அவர்கள் கையில் இருக்க வேண்டும். 2005-ல் கோலாலம்பூர் பக்கம் கைரேகை வைத்தால் கிளம்பும் மெர்சிடிஸ் காரைத் திருடியவர்கள் உரிமையாளரின் விரல் நுனியையே வெட்டிக்கொண்டு போனார்கள். அதைச் சொல்லியே என் அண்ணன் இன்னும் பாஸ்வர்டுதான் வைத்திருக்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது.

விரல் என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் அம்மா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர், ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. போன மாதம் ஒரு அலுவலக கவுண்டரில் பெருவிரலை வைத்தால் மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் ரேகையோடு பொருந்தவே இல்லை. டிஷ்யூ கொடுத்துத் துடைக்கச் சொல்லி, ஏழு தடவை வைக்கச் சொல்லி, பின்னால் வரிசையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். அட்டையில் முகம் இருக்கிறது, ஆள் எதிரே நிற்கிறார், அது போதாதா? வீடு வந்து சேரும்வரை அம்மா கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார்.