ஒருநாள் 30 பாயிண்ட், மறுநாள் 4 பாயிண்ட்: இப்படி ஆடும் கூடைப்பந்து வீரர் அணிக்குப் பலமா, பாரமா?

பாயிண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். த்ரீ பாயிண்டரில் (தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் ஷாட்) 35 சதவீதம் போடுபவர் ஆட்டத்துக்கு 6 முறை எறிகிறார். திறமை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனாலும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்) போன்ற 82 ஆட்ட சீசனில் சுமார் 6 ஆட்டங்களில் ஒன்றுகூட விழாது. ஒன்பது பத்து ஆட்டங்களில் நாலோ அதற்கு மேலோ விழும். முதல் வகையைப் பார்த்தவர் ‘தண்டம்’ என்பார், மற்றதைப் பார்த்தவர் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். ஆள் அதே ஆள்தான்.

2018-19 சீசனின் முதல் ஏழு ஆட்டங்களில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வீரர் க்ளே தாம்சன் 36 த்ரீ எறிந்ததில் விழுந்தது 5. எட்டாவது ஆட்டத்தில் சிகாகோவுக்கு எதிராக 14 த்ரீ விழுந்தது, ஒரே ஆட்டத்தில் என்பிஏ சாதனை! இப்படிப்பட்டவர் எவ்வளவு சொதப்பினாலும் தனியாக விட எதிரணிக்குத் தைரியம் வராது. ஒருத்தர் அவரோடு ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும். அதனால் மற்றவர்களுக்கு உள்ளே வழி கிடைக்கும். ஸ்கோர் ஷீட்டில் இதற்குக் கட்டமே இல்லை.

நான் கவனிப்பது, ரெண்டு ஷாட் தவறியதும் ஆள் என்ன செய்கிறார் என்பதை. நான் ஆடிய அணியில் ஒருவன் இருந்தான். ஷாட் விழாவிட்டால் தோளைத் தொங்கப்போட்டு நடந்தே திரும்புவான். அவன் பிடிக்க வேண்டிய ஆள் அதற்குள் நம் கூடைக்கடியில் லேஅப் (கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் எளிய ஷாட்) போட்டு முடித்திருப்பான். ஷாட் விழாதது அதிர்ஷ்டக் குறைவு என்று விடலாம், ஓடாததை அப்படி விட முடியாது.

ஆனால் ஒரே ஒரு தவறை வைத்தும் ஆளை எடைபோட முடியாது. கிளீவ்லேண்ட் அணியில் ஆடிய ஜே.ஆர். ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 என்பிஏ ஃபைனல்ஸ் (இறுதித் தொடர்) முதல் ஆட்டம், 107-107, சில நொடிகளே பாக்கி. சக வீரர் எறிந்து தவறிய பந்தைப் பிடித்தவர், ஷாட் எறியாமல் கூடையை விட்டு வெளியே ஓடினார்; ஓவர்டைமில் கிளீவ்லேண்ட் தோற்றது. அந்த ரீபவுண்டை (தவறித் திரும்பிய பந்தை) முட்டி மோதிப் பிடித்ததே அவர்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. 2016 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்தில் பாதி நேரத்தில் 7 பாயிண்ட் பின்தங்கியிருந்த அதே அணிக்கு, மூன்றாம் குவார்ட்டர் தொடங்கியதுமே மளமளவென்று 8 பாயிண்ட் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

இன்னொன்று, இப்படி ஏறி இறங்கி ஆடுபவருக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பது. பெஞ்சிலிருந்து வருபவர் என்றால் கை வராத நாளில் கோச் ஐந்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடலாம். அணியே அவரை நம்பித்தான் ஸ்கோர் எடுக்கிறது என்றால், அந்த 4 பாயிண்ட் நாளில் மாற்று வழியே இருக்காது. அங்கே தவறு அவரை அப்படி நம்பி அணி கட்டியவர்கள் மேல்தான்.