செத்த பனையில்தான் கூட்டம் அதிகம்

கேள்வி: உங்கள் வீட்டைச் சுற்றி எந்தெந்தக் காட்டு உயிர்கள் வருகின்றன? என்னென்ன மரங்கள் நிற்கின்றன?

எங்கள் வீடு தூத்துக்குடி மாவட்டத்தில், உடன்குடிக்குப் பக்கம். வாசலில் வேம்பு, கிணற்றடியில் பூவரசு, பின்பக்கம் முருங்கை, கொல்லாமரம். முந்திரியை இங்கே அப்படித்தான் சொல்வோம். வேலியைத் தாண்டினால் பனைவிளை. அதற்கும் அப்பால் போனால் உடைமரமும் செம்மணலுமாகக் குதிரைமொழித் தேரி. செம்மணல் மேட்டைத்தான் தேரி என்போம். யானை, சிறுத்தை எல்லாம் இந்தப் பக்கம் கிடையாது. ஆனாலும் இங்கே வருகிற, இருக்கிற உயிர்களை எழுத உட்கார்ந்தால் பாதிக்கு மேல் பனையைச் சுற்றியே வருகின்றன. அதனால் பனையிலிருந்தே தொடங்குகிறேன்.

உயிருள்ள பனையின் தலையில் மரநாய் படுத்திருக்கும். பகலெல்லாம் மட்டைகளுக்கு நடுவே சுருண்டு தூங்கிவிட்டு இருட்டியதும் இறங்கும். பதனீர் காலத்தில் கலயத்தில் வாய் வைக்கும் என்று பனையேறிகள் திட்டுவார்கள். ஆடி, ஆவணியில் பனம்பழம் தொப்பென்று விழத் தொடங்கினால் அதற்குக் கொண்டாட்டம். சின்னப் பழங்களைத் தின்று அது போடுகிற எச்சத்தில் கொட்டை முழுசாகக் கிடக்கும். எங்கள் வேலியோரம் யாரும் வைக்காமல் முளைத்த மஞ்சணத்தியும் இலந்தையும் நிற்பதற்கு மரநாய்க்கும் பறவைகளுக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம், காவோலை. காய்ந்து தொங்குகிற ஓலையைச் சிலர் அசிங்கம் என்று அறுத்துப் போட்டு மரத்தை மொழுமொழுவென்று வைத்திருப்பார்கள். அந்தத் தொங்கோலைதான் பனை உழவாரனின் வீடு. குருவியைவிடச் சின்னது, அரிவாள் மாதிரி வளைந்த இறக்கை, பகல் முழுக்க வானத்திலேயே பூச்சி பிடித்துக்கொண்டு சுற்றும். மற்ற பறவைகளைப் போலக் கிளையில் வந்து உட்காராது, அதன் கால் அதற்கு ஏற்றதல்ல. பறக்கும்போதே இறகுகளைப் பிடித்து, தன் எச்சிலால் ஓலையின் மடிப்பில் ஒட்டிக் கூடு வைக்கும். காற்றில் ஓலை ஆடும்போது முட்டையும் சேர்ந்து ஆடும், விழாது. ஓலையை அறுத்தால் கூடும் போயிற்று. அதே தொங்கோலையின் நிழலில் பழந்தின்னி வௌவால் குட்டியைக் கட்டிக்கொண்டு தொங்கும். கிணற்றை ஒட்டிய பனையில் மழைக்காலத்தில் தூக்கணாங்குருவி வந்துவிடும். ஓலையிலிருந்தே நாரைக் கிழித்து ஆண் குருவி பாதிக் கூடு வரை பின்னி நிறுத்தும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். கிணற்றுக்குள் உதிர்ந்து கிடக்கும் பாதிக் கூடுகள் எல்லாம் பெண்ணுக்குப் பிடிக்காதவை.

சரி, இப்போது செத்த பனைக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். காண்டாமிருக வண்டு குருத்தைத் தின்றோ, இடி விழுந்தோ பனை பட்டுப்போனால் தலை கழன்று விழுந்து மொட்டைப் பனையாக நிற்கும். வெளித்தோல் வைரம் பாய்ந்து இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிற சோறு, அதாவது மெத்தென்ற நடுப்பகுதி, மழை இறங்கி உளுத்துப் போகும். முதலில் வருவது பொன்முதுகு மரங்கொத்தி. தட்டித் தட்டி ஓர் ஓட்டை போட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுப் போய்விடும். கிளிக்கும் மைனாவுக்கும் வைரத்தைக் குடைகிற அலகு கிடையாது, ஆகவே மரங்கொத்தி விட்டுப் போன பொந்துக்குத்தான் இரண்டும் அடித்துக்கொள்ளும். மேலே திறந்து கிடக்கிற உச்சியைப் பனங்காடை எடுத்துக்கொள்ளும். புள்ளி ஆந்தைக்குக் கீழே ஒரு பொந்து.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. பங்குனி மாதம் காலை வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது. பெண் கிளி பொந்துக்குள் இருக்கும், மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரியும். ஆண் கிளி வந்து வாசலில் தொற்றிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி, தின்றதைக் கக்கி ஊட்டும். மேலே பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பாகத்தான் தெரியும். திடீரென்று கிளம்பி உயரப் போய், கரகரவென்று கத்தியபடி உருண்டு புரண்டு கீழே பாயும்போது இறக்கையில் அந்த நீலம் விரியும் பாருங்கள், அந்த நிறத்தை இந்தச் செம்மணல் ஊரில் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. ஏதாவது சாரைப்பாம்பு மரமேறினால் கிளி, மைனா, கரிச்சான் எல்லாம் ஒரே கட்சியாகிவிடும்.

தரையில் வருகிறவற்றைச் சொல்கிறேன். கீரி தினமும் வரும், கோழிக்குஞ்சில் கண் வைக்கும், கூட்டை ஒழுங்காக அடைத்தால் போதும். உடும்பு கரையான் புற்றைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும், மாதக்கணக்கில் அந்தப் புற்றே அடைகாக்கும். கறிக்கும் எண்ணெய்க்கும் என்று உடும்பைப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது, பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மழை பெய்தால் தேரிப் பக்கமிருந்து நட்சத்திர ஆமை புல் மேய வரும். செல்லப் பிராணி என்று கடத்தியே அதைக் குறைத்துவிட்டார்கள். 2019இல்தான் அதன் பன்னாட்டு வணிகத்தை அடியோடு தடுக்கும் பட்டியலில் சேர்த்தார்கள். அதைப் பார்த்தால் தூக்காமல் வழிவிட்டுவிடுங்கள், வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கவே வேண்டாம்.

பாம்பைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்கும் இங்கே உண்டு. சுருட்டை மணலில் பாதி புதைந்து கிடக்கும், கிட்டே போனால் செதிலைத் தேய்த்து சரசரவென்று சத்தம் எழுப்பும். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்கக் கூடாது, வெறுந்தரையில் படுக்கக் கூடாது, கடித்தால் நேராக அரசு மருத்துவமனை. அங்கே கொடுக்கிற மருந்து இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே தயாரானது. சாரையை மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள். விஷம் கிடையாது, எலியைத் தின்கிறது. சாரையும் நல்லபாம்பும் பிணைகின்றன என்று கூட்டம் கூடி வேட்டியை எறிகிறார்களே, அது இரண்டு ஆண் சாரைகள் நிமிர்ந்து நின்று போடுகிற மல்யுத்தம். நல்லபாம்புக்கு அதில் வேலையே இல்லை.

மயில் இப்போது மிக அதிகம், நிலக்கடலை போட்டவர்கள் படுகிற பாடு உண்மையான பாடு. நரியின் ஊளையோ சின்ன வயதில் கேட்ட அளவுக்கு இப்போது கேட்பதில்லை.

பனைவிளைகள் செங்கல் சூளைக்கும் மனைப் பிரிவுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் மொட்டைப் பனை என்றால் யாருமே யோசிப்பதில்லை, ‘பட்ட மரம்தானே’ என்று சாய்த்துவிடுகிறார்கள். கிளியும் பனங்காடையும் பொந்தில் இருக்கிற தை முதல் ஆனி வரையிலான மாதங்களில் அது விழுந்தால் உள்ளே இருக்கிற குஞ்சுகள் அத்தனையும் போச்சு. வீட்டின் மேல் சாய்கிற நிலை இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அதுபாட்டுக்கு நிற்கும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஆடி வரைக்கும் பொறுங்கள். அப்போதும் கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தை நாலு தட்டுத் தட்டி, மேலே எந்தப் பொந்திலிருந்தாவது ஒரு தலை எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஆந்தைக்கு மாதக் கணக்கெல்லாம் தெரியாது.