பூமி யாருடையது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் உறவினர் ஒருவர் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தார். வாசல் தூணில் கறுப்பு கிரானைட் பலகை. 'பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது – சங்கீதம் 24:1' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். வீட்டை ஒட்டி அவருக்கே ஒரு காலிமனையும் உண்டு. அதில் தகரப் பலகை நட்டிருந்தது. 'இந்த இடம் இன்னாருக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' இரண்டையும் சேர்த்துப் படித்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற குருவானவர் முறைத்தார்.

அன்றிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் கர்த்தருடையது என்றால் மனிதனுக்குச் சொத்துரிமையே கிடையாதா? நாங்கள் சிறுவயதிலிருந்து பாடிவரும் இந்த வசனத்தை, அதை எழுதிய யூதர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? அதை நம்புகிறவர்கள் மண்ணுக்காக இத்தனை சண்டை போடுவது ஏன்? எபிரேயம் தெரியாத என்னைப் போன்றவர்கள் இதையெல்லாம் படிக்க வழி உண்டா?

செ.,
தூத்துக்குடி

அன்புள்ள செ.,

நீங்கள் சிரித்ததில் தப்பில்லை. லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. வியாபாரிகள் கூடிப் பேரம் பேசுவதற்காகவே எழுப்பியது. பழைய கட்டடம் 1838இல் எரிந்துபோக, இப்போது இருப்பதைக் கட்டி 1844இல் விக்டோரியா அரசி திறந்துவைத்தார். முகப்பின் உச்சியில் வணிகத்தை ஒரு பெண்ணாக வடித்து, அவள் காலடியில் இதே வசனத்தைப் பொறித்திருக்கிறார்கள். இன்று உள்ளே விலையுயர்ந்த கடைகளும் உணவகங்களும் நடக்கின்றன. சொத்து சேர்ந்த இடத்தில்தான் இந்த வசனத்துக்கு மவுசு. பத்திரத்தின் மேல் கடவுளிடமும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்ட திருப்தி.

வசனத்தை மட்டும் பெயர்த்தெடுத்துச் சுவரில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். பைபிளின் துதிப்பாடலான இந்தச் சங்கீதம் அங்கே நிற்பதில்லை. ஏன் அவருடையது என்பதற்கு அடுத்த வசனமே காரணம் சொல்கிறது: 'ஏனெனில் அவரே அதைக் கடல்களுக்கு மேலாக அஸ்திபாரப்படுத்தி, அதை நதிகளுக்கு மேலாக ஸ்தாபித்தார்.' வாங்கியதாலோ பிடித்ததாலோ வந்த உரிமை இது இல்லை, உண்டாக்கியதால் வந்தது. சிரியாவின் கடற்கரையில், பழைய உகாரித் நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில் கடலும் நதியும் ஒரே தெய்வத்தின் பெயர்கள். புயல் தெய்வமான பாகால் அந்தத் தெய்வத்தோடு மோதி ஜெயித்துத்தான் அரசனாகிறான். சங்கீதத்தில் சண்டையே கிடையாது. கடலும் நதியும் அஸ்திவாரத்துக்கு அடியில் பேசாமல் கிடக்கின்றன.

மூன்றாம் வசனத்தில் பேச்சு உங்கள் பக்கமும் என் பக்கமும் திரும்புகிறது. 'யார் கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான்?' கைகளில் சுத்தமுள்ளவன், கபடாய் ஆணையிடாதவன் என்று பதில். சொத்து யாருடையது என்று சொன்ன கையோடு, உள்ளே வருகிறவனின் கையைப் பார்க்கிறார்கள். எருசலேம் கோயிலில், கோயில் பணிக் குலத்தாரான லேவியர் வாரத்தின் முதல் நாளில் பாடியது இந்தச் சங்கீதத்தைத்தான் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. ஞாயிறு காலை ஜெபத்தில் யூதர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து இந்த வசனத்தைப் பற்றிய மிக நல்ல விவாதம் நடப்பது சாப்பாட்டுப் பந்தியில். மிஷ்னாவை ஒட்டி யூத ஆசான்களான ரபிகள் நடத்திய விவாதங்களின் தொகுப்பு பாபிலோனிய தல்மூத். அதில் பெராகோட் என்ற பகுதியின் 35ஆம் தாள். ஆசிமொழி, அதாவது கடவுளைப் போற்றும் ஒரு சிறு வாசகம், சொல்லாமல் இந்த உலகத்தில் எதையும் அனுபவிக்கக் கூடாது, அப்படி அனுபவித்தவன் 'மெயிலா' செய்தவன் என்று தொடங்குகிறது. மெயிலா என்றால் கோயிலுக்கென்று ஒதுக்கிய பொருளைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுப்பது. தெரியாமல் எடுத்திருந்தாலும் பைபிளின் லேவியராகமச் சட்டப்படி பொருளின் மதிப்பையும், மேற்கொண்டு ஐந்தில் ஒரு பங்கையும் கட்டி, ஆட்டுக்கடா ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். 'சிவன் சொத்து குலநாசம்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது காலத்தை. கி.பி. 70இல் ரோமர்கள் கோயிலை இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ரபிகள் இந்தச் சட்டத்தைக் கைவிடவில்லை. உலகம் மொத்தத்தையும் கோயில் சொத்தாக்கிவிட்டார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டுவது சங்கீதம் 24:1. மரத்திலிருந்து பறித்து வாயில் போடும் அத்திப்பழமும் தேவசம் சொத்து.

உடனே ரபி லேவி குறுக்கே ஒரு முரண்பாட்டைத் தூக்கிப் போடுகிறார். சங்கீதம் 115:16 என்ன சொல்கிறது? 'வானங்கள் கர்த்தருடையவைகள், பூமியையோ மனுபுத்திரருக்குக் கொடுத்தார்.' ஒரே புத்தகத்தில் ஒரு இடத்தில் பூமி அவருடையது, இன்னொரு இடத்தில் நம்முடையது. எது சரி? அவரே பதிலும் சொல்கிறார்: அது ஆசிமொழிக்கு முன், இது ஆசிமொழிக்குப் பின்.

இதில் எனக்குப் பெரிய ஈர்ப்பு உண்டு. வானத்துக்கும் பூமிக்கும் இடையிலான உரிமைத் தகராறை ஒரு வாய் சோற்றுக்கு முன்னாலும் பின்னாலுமாகத் தீர்த்துவிட்டார் மனிதர். சொத்துரிமை உண்டா இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு இந்த மரபின் பதில் இதுதான்: உண்டு, கேட்டு வாங்கினால். அதுவும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்ள முடியாது. அடுத்த வேளை மறுபடி கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. ரொட்டிக்கு ஒன்று, திராட்சரசத்துக்கு ஒன்று, மரத்தின் கனிக்கு ஒன்று, நிலத்தின் விளைவுக்கு ஒன்று, தண்ணீருக்கும் மீதி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. வாழைப்பழத்துக்கு எது என்று நினைக்கிறீர்கள்? மரத்தின் கனிக்கு உரியது இல்லை, நிலத்தின் விளைவுக்கு உரியது. குலை தள்ளியதும் அந்த வாழை முடிந்தது, அடுத்த குலை பக்கக்கன்றிலிருந்துதான் வரும். ஆண்டுதோறும் அதே தண்டு காய்க்காததால் அது மரமாகாது. நம்மூர் வாழைத்தோட்டக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்வார். இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா என்று தோன்றும். ஆனால் கையில் இருப்பது எங்கே, எப்படி விளைந்தது என்று தெரியாமல் இவர்களால் அதை வாயில் வைக்க முடியாது.

உங்களுக்குப் பழக்கமான புதிய ஏற்பாட்டிலும் இந்த வசனம் இறைச்சிக் கடையில்தான் வருகிறது. கொரிந்து சந்தையில் விற்கும், விக்கிரகங்களுக்குப் படைத்ததாக இருக்கக்கூடிய மாம்சத்தை வாங்கித் தின்னலாமா என்ற சச்சரவுக்குப் பவுல், பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது, வாங்கித் தின்னுங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 10). யூதச் சட்டத்தில் ஊறிய பரிசேயராக வளர்ந்தவர். அவருக்கும் இது பந்தி வசனம்தான்.

சரி, பழமும் ரொட்டியும் போகட்டும், நிலம்? அதற்கு லேவியராகமம் 25ஆம் அதிகாரம். 'தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம். நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்.' பரதேசிகள் என்றால் அந்நியர்கள். சங்கீதம் பாட்டாகச் சொன்னதை இங்கே வருவாய்த்துறை மொழியில் எழுதியிருக்கிறார்கள். நிலத்துக்கு விலை போடுவது எப்படி என்றுகூட இருக்கிறது. ஐம்பதாவது ஆண்டான யூபிலிக்கு இன்னும் எத்தனை விளைச்சல் பாக்கி இருக்கிறதோ அத்தனைக்குத்தான் விலை. ஆண்டுகள் அதிகம் என்றால் விலை கூடும், குறைவு என்றால் குறையும். யூபிலி வந்ததும் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். நம் கணக்கில் இது கிரயமே இல்லை, குத்தகை. ஆனால் மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. விற்றவர் ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் வாங்கியவருக்கே நிரந்தரம். சோறு போடுவது வயல் என்பதால் வயலுக்கு ஒரு நியாயம், நகரத்து வீட்டுக்கு வேறு நியாயம் வைத்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

யூபிலி முழுமையாக நடைமுறையில் இருந்ததா என்பது வேறு விஷயம். யோர்தானுக்குக் கிழக்கே இருந்த கோத்திரங்கள் சிறைப்பட்டுப் போனபோதே அது நின்றுவிட்டது என்பது தல்மூதின் கணக்கு. ஆனால் அதன் பின்னுள்ள எண்ணம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு நாபோத்தின் கதை இருக்கிறது (1 இராஜாக்கள் 21). அரண்மனைக்குப் பக்கத்துத் திராட்சத்தோட்டத்தைக் கீரைக்கொல்லையாக்க ஆகாப் ராஜா ஆசைப்படுகிறான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்கிறான். கேட்பதற்கு நியாயமான பேரம்தான். இது பிதாக்களின் சுதந்தரம், பரம்பரைச் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான். பிறகு ராணி யேசபேல் வருகிறாள், இரண்டு பொய்ச்சாட்சிகள் வருகிறார்கள், நாபோத் கல்லெறிந்து கொல்லப்படுகிறான். தோட்டத்தைப் பார்க்கப் போன ஆகாபைத் தீர்க்கதரிசி எலியா அங்கேயே மறித்து, கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார். நிலம் கடவுளுடையது என்பதால் நாபோத்தின் உரிமை இங்கே பலவீனப்படவில்லை. ராஜாவின் கைதான் கட்டப்படுகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் அழகாக இருக்கும். ஆனால் நீங்கள் கேட்டது சண்டையைப் பற்றியும். அதற்கு ராஷியிடம் போக வேண்டும். ராஷி (1040–1105) பிரான்சில் த்ருவா ஊர்க்காரர், யூதர்கள் எல்லோரும் முதலில் படிக்கும் உரைகாரர். ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கு அவர் தரும் முதல் விளக்கமே ஒரு கேள்வி. சட்டப்புத்தகம் சட்டத்தில் தொடங்காமல் உலகப் படைப்பில் தொடங்குவானேன்? நாளை மற்ற ஜாதிகள், அதாவது மற்ற இனத்தார், இஸ்ரவேலைப் பார்த்து, ஏழு ஜாதிகளின் நிலத்தைப் பிடித்த கொள்ளைக்காரர்கள் நீங்கள் என்றால், பதில் சொல்வதற்காக. பூமி முழுவதும் அவருடையது, அவர் உண்டாக்கினார், தமக்குச் சரியென்று பட்டவர்களுக்குக் கொடுத்தார். தம் விருப்பப்படி அவர்களுக்குக் கொடுத்தார், தம் விருப்பப்படி அவர்களிடமிருந்து எடுத்து நமக்குக் கொடுத்தார்.

ராஷி வாழ்ந்த காலத்தைப் பாருங்கள். 1096இல் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களை வெட்டிக் கொன்றன. மூன்றாண்டு கழித்துச் சிலுவைப் படை எருசலேமைப் பிடித்தது. அன்றைய யூதன் கையில் அந்த மண்ணைப் பிடிப்பதற்கான வலு எதுவும் கிடையாது. வலுவில்லாதவனுக்கு இந்த வரி ஆறுதல். இதையே பட்டாளமும் அரசும் கையில் உள்ளவன் மேற்குக்கரையில் நின்று சொன்னால் அது பட்டா. வாசகம் ஒன்றுதான், சொல்லும் ஆள் மாறிவிட்டான். அப்படிச் சொல்கிறவர்கள் ராஷியின் வாக்கியத்தில் பாதியைத்தான் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். அவர்களிடமிருந்து எடுத்து நமக்குக் கொடுத்தவர் நம்மிடமிருந்தும் எடுக்கலாம். லேவியராகமமே, தேசம் முந்தின குடிகளைக் கக்கிப்போட்டது போல உங்களையும் கக்கும் என்று எச்சரிக்கிறது.

நவீன இஸ்ரேலிலும் இந்த வசனங்கள் வேலை செய்கின்றன, கொஞ்சம் கோணலாக. 1901இல் யூதர்களுக்குத் தனிநாடு கேட்ட சியோனிச இயக்கத்தின் காங்கிரஸ் தொடங்கிய யூத தேசிய நிதி, வாங்கிய நிலத்தை விற்பதில்லை, குத்தகைக்கு விடும் என்று முடிவெடுத்தது. அடிப்படை லேவியராகமம் 25. 49 ஆண்டுக் குத்தகை என்ற கணக்கும் யூபிலியை ஒட்டியதுதான். இன்று நாட்டின் நிலத்தில் சுமார் 93 சதவீதம் பொதுவுடைமை. ஆனால் அந்த நிதியின் நிலத்தை யூதரல்லாத குடிமக்களுக்குக் குத்தகைக்கு விடாத வழக்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீங்களே இங்கே பரதேசிகள் என்று சொன்ன வசனத்தை வைத்து அடுத்தவனை வெளியே நிறுத்தியாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டும், அது அவருடையது என்பதற்காக. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிதாகக் குடியேறிய விவசாயிகளால் அது முடியவில்லை. அவர்களுக்காக ரபிகள் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சட்டம் நிலத்துக்குப் பொருந்தாமல் இருக்க, அந்த ஆண்டுக்கு மட்டும் அதை யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவது. 2021–22இல் வந்த ஏழாம் ஆண்டிலும் இப்படி விற்றார்கள். இதைக் கடுமையாக எதிர்த்து, அந்த விளைச்சலைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். எனக்கென்னவோ இந்தத் தகராறு பிடித்திருக்கிறது. நிலத்தை விட்டுக்கொடுப்பதாகப் பாசாங்காவது செய்தே தீர வேண்டியிருக்கிறதே.

கடைசியாக, எபிரேயம். தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் தொடங்கலாம். சங்கீதம் 24ஐயும் லேவியராகமம் 25ஐயும் நம் தமிழ் வேதாகமத்திலேயே முழுதாகப் படியுங்கள், வசனமாகப் பிய்க்காமல். அப்புறம் யூத நூல்களைத் தரும் செஃபாரியா இணையதளத்தில் பெராகோட் 35 ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தனியாக உட்காராதீர்கள். யூதர்கள் இதை இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துத்தான் படிப்பார்கள்.

அந்தத் தாளின் மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 'என் தானியம்' என்று ஓசியாவில் கடவுள் சொல்கிறார், 'உன் தானியம்' என்று உபாகமம் சொல்கிறது, எது சரி என்று அங்கே அடுத்த வழக்கு தொடங்கும். அப்படியே பேச்சு உழவுக்குப் போகும். நாள் முழுக்க வேதம் படித்துக்கொண்டிருந்தால் யார் உழுவது, யார் அறுப்பது? ரபி யிஷ்மாயேல் உழைக்கச் சொல்கிறார், ரபி ஷிமோன் பார் யோஹாய் படிப்பை விடாதே என்கிறார். யிஷ்மாயேல் சொன்னபடி பலர் செய்தார்கள், கைகூடியது, ஷிமோன் சொன்னபடியும் பலர் செய்தார்கள், கைகூடவில்லை என்கிறார் அபயே என்ற ஆசிரியர். ரவா என்ற ஆசிரியர் தன் மாணவர்களிடம் இன்னும் பச்சையாகச் சொல்கிறார்: நிசான், திஷ்ரி மாதங்களில் என் முன்னால் வந்து நிற்காதீர்கள், இல்லாவிட்டால் வருஷம் முழுக்கச் சோற்றுக் கவலை உங்களைப் பிடித்துக்கொள்ளும். கதிர் முற்றுவதும் திராட்சையும் ஒலிவமும் பிழிவதும் அந்த மாதங்களில்தான்.

அன்புடன்