பச்சை இலை வேண்டாம், ஆணித் துளையைக் காட்டுங்கள்

கேள்வி: அப்பா ஆசாரி. காரைக்குடிப் பக்கம் பிரிக்கிற பழைய வீடுகளின் உத்தரம், நிலை, கதவுகளை வாங்கி ஊஞ்சல், பெஞ்சு, சாப்பாட்டு மேசை செய்கிறோம். சென்னை, பெங்களூரு ஆர்டர்களைப் பிடிக்க ஒரு பிராண்டும் வெப்சைட்டும் போடப் போகிறோம். டிசைனர் பச்சை இலை லோகோ, ‘எக்கோ’ என்று தொடங்கும் பெயர், முகப்பில் ‘இயற்கைக்கு உகந்த மரச்சாமான்கள்’ என்று ஒரு வரி கொடுத்திருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, காரணமும் சொல்லமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: நான் அப்பா கட்சி. அவர் சொல்லாத காரணத்தை நான் சொல்லிப் பார்க்கிறேன்: அந்த இலையில் உங்கள் பட்டறை இல்லை. சோப்புக்கும் அதே இலை, செக்கு எண்ணெய்க்கும் அதே இலை.

எனக்கும் இதில் சூடு பட்ட அனுபவம் உண்டு. முன்பு ஒரு மரக்கடைக்கு நரம்பு நரம்பாக இலை வரைந்து கொடுத்தேன். கணினித் திரையில் பிரமாதமாக இருந்தது. பித்தளை அச்சு செய்து, காய்ச்சி, நாற்காலிக் காலில் வைத்தார்கள். நரம்பெல்லாம் ஒன்றோடொன்று கருகி, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஆனது. உங்கள் லோகோ முதலில் மரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுட்டால் தெரிய வேண்டும். பெயரின் முதல் எழுத்தே போதும், கோடு தடிமனாக இருக்கட்டும். தமிழில் எழுதுவதானால் கொம்பைக் கவனியுங்கள். தமிழைச் சரியாகக் கையாளாத டிசைன் மென்பொருளில் ‘கொ’ என்று ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். அச்சுக்குப் போகும் முன் நீங்களே படித்துப் பாருங்கள்.

பெயரில் ஊரை வைக்கலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். ‘செட்டிநாடு பர்னிச்சர்’ போல ஊரும் பொருளும் மட்டும் சேர்ந்த பெயருக்கு டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம். வீட்டில் புழங்கும் ஒரு சொல், தாத்தா பெயர், பட்டறை வாசலில் நிற்கிற மரம், இப்படி ஏதாவது எடுங்கள். டிரேட்மார்க் பதிவில் பொருட்களைப் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள், மரச்சாமான்களுக்கு 20-ஆம் பிரிவு. தனிநபரோ சிறுதொழிலோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய்.

அந்த முகப்பு வரியை எடுத்துவிடுங்கள். இது என் ரசனை மட்டுமல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, ‘எக்கோ’, ‘இயற்கைக்கு உகந்த’ என்றெல்லாம் பொதுப்படையாக விளம்பரம் செய்தால் அதற்கு ஆதாரமும் விளக்கமும் தர வேண்டும். மரம் பழசு, சரி. மேலே அடிப்பது பி.யூ. (பாலியூரித்தேன் என்ற ரசாயன) பாலிஷ் என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும். பர்மா தேக்கு என்று அப்பா கையால் தடவியே சொல்லிவிடுவார், ஆனால் வாங்குகிறவருக்கு அது போதாது. எந்த ஊர் வீடு, எந்த வருடம் பிரித்தது, உத்தரமா நிலையா, எத்தனை அடி என்று ஒவ்வொரு சாமானுக்கும் எழுதி, மரம் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

டிசைனருக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியைப் போட்டோவுக்கு ஒதுக்குங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். அப்போதுதான் மரத்தின் ரேகை எழுந்து நிற்கும். பழைய ஆணித் துளையைச் சுற்றிக் கருநீலமாக ஒரு கறை இருக்குமே, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து பிடித்தது, அதை நெருக்கமாக எடுங்கள். மக்கு (ஓட்டை அடைக்கிற பசை) வைத்து மறைக்க வேண்டாம். இது பழைய மரம் என்று சொல்ல அதைவிடச் சாட்சி வேறென்ன? கழுந்து, அதாவது ஒரு மரத்தின் செதுக்கிய முனை, இன்னொரு மரத்தின் துளைக்குள் இறங்குகிற இடம், மேசையின் அடிப்பக்கம், ஊஞ்சலில் யாராவது உட்கார்ந்த படம், இவையும் வேண்டும்.

வெப்சைட் பெரிதாக வேண்டாம். சாமானுக்கு ஒரு பக்கம். அதில் விலையைப் போடுங்கள். ‘விலைக்கு அழைக்கவும்’ என்றால் பாதிப் பேர் அழைக்க மாட்டார்கள். அளவை அடி, அங்குலம், சென்டிமீட்டரில் கொடுங்கள். எடையும் வேண்டும். அடுக்குமாடி லிப்டில் ஏறுமா, கால்களைக் கழற்றலாமா என்பதுதான் பெங்களூரிலிருந்து வருகிற முதல் கேள்வியாக இருக்கும். ஊஞ்சல் என்றால் கொக்கி மாட்டத் தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்கச் சொல்லி ஒரு வரி. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் வாட்ஸ்அப் பொத்தான். அப்புறம், படங்களைச் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள், போனில் சட்டென்று திறக்க வேண்டும்.

‘எங்களைப் பற்றி’ பக்கத்தை டிசைனர் எழுத வேண்டாம். பட்டறைக்கு வருகிறவரிடம் அப்பா ஒரு மேசையைக் காட்டிப் பேசும்போது போனில் பதிவு செய்து, அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, டிசைனர் தன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்பார். வேண்டாம். உங்கள் பெயர், உங்கள் மெயில், உங்கள் கார்டு. லோகோவின் மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.