ஐந்து மணி நேரக் கடாரம்

கடிதம்:

ஐயா, வணக்கம். நான் கிள்ளானில் இருக்கிறேன். செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைப் பார்க்க அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு வருகிறோம். காலையிலேயே வேலை முடிந்துவிடும். சுங்கை பட்டாணியில் மாலை ரயில் ஏறும்வரை ஐந்து மணி நேரம் கையில் இருக்கும். பெடோங் வெறும் எஸ்டேட் டவுன், பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்கள். சுங்கை பட்டாணி மாலில் உட்கார்ந்துவிடலாமா? ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் பக்கத்தில் இருக்கிறதாமே, முடிந்தால் அங்கே ஒரு படம் எடுக்க ஆசை. விடுதி, சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

மாலில் உட்காரக் கிள்ளானிலேயே இடம் இருக்கிறது. அதற்கு ரயில் ஏறி கெடா வரை வர வேண்டாம்.

'ராஜேந்திர சோழன் கட்டிய கோயில்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். அந்தப் பழைய கோயில்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு வரும் நம்மவர்களில் பலர் இதைச் சொல்லிக்கொண்டேதான் வண்டியை விட்டு இறங்குகிறார்கள். 1025இல் நடந்தது படையெடுப்பு. கப்பல்களை அனுப்பியதையும், கடாரத்து (இந்தக் கெடாவின் பழைய பெயர்) அரசனைப் பிடித்ததையும், யானைகளையும் செல்வத்தையும் தோரண வாயிலையும் கைப்பற்றியதையும் அவன் புகழைக் கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்தி சொல்கிறது. கோயில் கட்டியதாக அதில் ஒரு வரி கிடையாது. கட்டியதாகச் சாசனம் சொல்வது எதிர்ப்பக்கத்துக்காரரைத்தான். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினார், அதற்கு ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலத்தை மானியமாகக் கொடுத்தான். அங்கிருந்து வந்து இங்கே கட்டவில்லை, இங்கிருந்து போய் அங்கே கட்டினார்கள். பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான காரணத்துக்காகப் படுங்கள்.

இனி, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் வண்டி. சுங்கை பட்டாணியில் கிராப் வாடகை வண்டி சுலபமாகக் கிடைக்கும். மெர்போக்கிலிருந்து திரும்பும்போதுதான் திண்டாட்டம், பலர் ரயிலை விடுவது இதனால்தான். காலையில் கூட்டி வந்த ஓட்டுநரிடமே காத்திருப்புக்கும் சேர்த்து ஒரு தொகை பேசிவிடுங்கள். பெடோங்கில் பிரியும் மெர்போக் சாலையில்தான் செமிலிங்கும் இருக்கிறது. அதனால் பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போதே பாதி வழி வந்துவிட்டீர்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகங்கள் வேலை செய்யும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் அருங்காட்சியக வாசலில் போய் நிற்காதீர்கள்.

முதலில் மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். குனுங் ஜெராய் மலையின் அடிவாரம் என்பதால் மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் படியும் பாறையும் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். ஓடையோரமாக ஏறினால் சண்டி புக்கிட் பத்து பஹாட். சண்டி என்றால் பழைய கோயில். அங்கே நிற்கும் சண்டிகளில் இதுதான் தன் சொந்த இடத்திலேயே இருப்பது. 1959-60இல் ஆய்வாளர் அலெஸ்டர் லாம்ப் மேற்பார்வையில் புனரமைத்தார்கள். பெண்டியாட், பெண்டாங் டாலாம் போன்றவை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கப்பட்டவை. இந்த வித்தியாசம் தெரியாமல் பார்த்தால் எல்லாம் ஒரே கல்குவியலாகத்தான் தெரியும்.

படம் எடுக்கும் முன் குனிந்து பாருங்கள். மண்டபத்தின் தரையில் தூண் நிற்க வைத்த கல் பீடங்கள் தெரியும். தூணும் கூரையும் மரம், மட்கிப் போய்விட்டன. கோபுரம் எங்கே என்று தேடுகிறவர்கள் ஏமாறுவது இதைக் கவனிக்காததால்தான். இந்த மழைக்கும் இங்கே கிடைத்த மரத்துக்கும் தகுந்தாற்போல் கட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூரை இதில் தேடக் கூடாது.

திரும்பும் வழியில் சுங்கை பத்து. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கரியும் இரும்புத்தாதும் அடுக்கிய உலைக்குச் சுட்ட களிமண் குழாய் வழியே துருத்தியால் காற்று ஊதவேண்டும். அந்தக் குழாய்த் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்த இடம். ஒரு துண்டின் இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உலைக்குள் இருந்த முனை கறுத்து, கண்ணாடிபோல் உருகி மினுங்கும். துருத்திப் பக்கம் செங்கல் நிறம் மாறாது. கழிவான கசடு கறுப்பாக, பாகு வழிந்து உறைந்ததுபோல் இருக்கும், கனக்கும். காலம் எது என்று அறிஞர்களுக்குள் சண்டை, அதில் நீங்களும் நானும் தலையிட வேண்டாம். ஒன்றே ஒன்று, ஒரு துண்டைக்கூடச் சட்டைப்பையில் போடாதீர்கள். இடம் மாறிய துண்டு வெறும் ஓடு.

'எஸ்டேட் டவுன், ஒன்றுமில்லை' என்று சொன்னவரிடம் ஒன்று சொல்லுங்கள். 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்த வட்டாரத்தில் முப்பது பழங்காலத் தளங்களைப் பதிவு செய்தார். அவற்றில் பல நம் ஆட்கள் பால் வெட்டிய ரப்பர் மர நிரைகளுக்கு நடுவே கிடந்தன. சண்டி பதினொன்று அப்படி ஒரு தோட்ட நிலத்தில்தான் இருந்தது. வீடமைப்புக்காக மண்வாரி இயந்திரம் அதைத் தரைமட்டமாக்கிய செய்தி 2013இல் வெளிவந்த பிறகுதான் நாம் கொதித்தோம். அதுவரை 'ஒன்றுமில்லை' என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்?

வழியில் ரப்பர் மரம் தென்பட்டால் இறங்கி ஒரு மரத்தைக் கிட்டப் பாருங்கள். உங்கள் அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால் அவரே காட்டுவார். வெட்டு, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் முப்பது பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்கு இருக்கும். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவினால் வீண். ஆழம் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டுமுண்டாக வளரும். மரத்தைத் தடவியே வெட்டியவரின் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். கூலி குறைவு என்பதால் அதைத் தொழில்நுட்பம் என்று யாரும் எழுதவில்லை.

சாப்பாடு பெடோங்கிலேயே கிடைக்கும், பட்டினி கிடக்க மாட்டீர்கள். விடுதி பற்றி என்னைக் கேட்டு என்ன பயன்? உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களைக் கேளுங்கள், தண்ணீர் வருகிறதா, இணையம் வேலை செய்கிறதா என்பதை மறைக்காமல் சொல்வார்கள். திரும்பும் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், விடுமுறை ஒட்டி ஈ.டி.எஸ். மின்ரயில் சீக்கிரம் நிறைந்துவிடும். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே சுங்கை பத்துவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.