மிளகு ரசம் இருக்கட்டும், சிறுநீர் என்ன நிறம்?

ஐயா, உங்கள் கடிதம் இரண்டரைப் பக்கம். அதில் இரண்டு பக்கம், மிளகும் மஞ்சளும் பம்பளிமாஸும் கல்லீரலில் நச்சு முறிக்கும் என்சைம்களை முடக்கிவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னதைப் பற்றி. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டு மூன்று வாரமாக இட்ராகோனசோல் சாப்பிடுகிறீர்கள், பத்து நாளாகத் தொடை கனத்து வலிக்கிறது, மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது, சிறுநீர் டிகாஷன் மாதிரி போகிறது, 'வெயில்தான் காரணமாக இருக்கும்'.

வெயில் இல்லை. உங்களுக்குத் தனியாகவும் உடனே எழுதிவிட்டேன். இங்கே போடுவது, இதே மாத்திரைகளோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக.

ஸ்டென்ட் வைத்த பிறகு நீங்கள் சாப்பிடும் கொழுப்பு மாத்திரை அட்டர்வாஸ்டாட்டின் 40. அதை உடைத்து வெளியேற்றுவது சி.ஒய்.பி. 3ஏ4 என்ற என்சைம். கல்லீரலிலும் சிறுகுடல் சுவரிலும் இருக்கிறது, ஏகப்பட்ட மருந்துகளை அதுதான் கவனித்துக்கொள்கிறது. இட்ராகோனசோல் இந்த என்சைமைப் பிடித்து அமுக்கிவிடும். மதகில் பலகையைப் போட்டால் ஏரியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, அட்டர்வாஸ்டாட்டின் இரத்தத்தில் ஏறும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அளந்து பார்த்ததில் அது மூன்று மடங்குக்கு மேல் போயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் விழுங்குவது 40, உடம்புக்குள் வேலை செய்வது 120 மில்லிகிராமுக்கும் மேல். அந்த மருந்தின் உச்ச அளவே 80தான். இட்ராகோனசோல் எடுப்பவருக்கு அட்டர்வாஸ்டாட்டின் 20க்கு மேல் தரக்கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது, அதே வகைக் கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் என்றால் சேர்க்கவே கூடாது. கடைத் தம்பி இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இந்த வகை மாத்திரை அளவு மீறினால் தசை நார்கள் சிதைய ஆரம்பிக்கும். அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். டிகாஷன் நிறம் அதனால்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகப்படுகிறேன், அந்தச் சந்தேகம் ஒன்றே போதும், இன்றைக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக. நாளை மறுநாள் பேரன் பிறந்தநாள் முடியட்டும் என்றெல்லாம் தள்ளாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்ப்பார்கள், சி.பி.கே. எகிறியிருந்தால் சேர்த்துக்கொண்டு டிரிப்ஸ் ஏற்றுவார்கள். சீக்கிரம் போனால் பெரும்பாலும் சிறுநீரகம் தப்பித்துவிடும், சிறுநீர் வற்றும்வரை வீட்டில் காத்திருந்தவர்கள் சிலரை டயாலிசிஸில் பார்த்திருக்கிறேன். அட்டர்வாஸ்டாட்டின், இட்ராகோனசோல் இரண்டையும் இப்போதே நிறுத்துங்கள். ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள்! ஸ்டென்ட் உள்ளவர் பயத்தில் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடுவது இன்னொரு விபத்து.

நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. இட்ராகோனசோல் உடம்பை விட்டு இறங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை என்சைம் அமுங்கியேதான் இருக்கும். அட்டர்வாஸ்டாட்டினை மறுபடி எப்போது, எவ்வளவு, அல்லது அந்த என்சைமை நம்பியிராத இன்னொரு கொழுப்பு மாத்திரையான ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாமா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். ஒரேயடியாக விட்டுவிட உங்கள் இதயம் இடம் கொடுக்காது.

கணுக்கால் வீக்கத்துக்கு ஊறுகாயைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினையும் அதே என்சைம்தான் உடைக்கிறது, அது கூடினால் கால் வீங்கும். இட்ராகோனசோல் தன் பங்குக்கு இதயத்தின் பம்ப் வேலையையும் மட்டுப்படுத்தும். இதையும் அங்கே சொல்லுங்கள், மூச்சு வாங்கினால் முதலில் சொல்லுங்கள்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். கல்லீரல் டெஸ்டில் எஸ்.ஜி.ஓ.டி. 148, எஸ்.ஜி.பி.டி. 66 என்று இரண்டு என்சைம்களும் கூடியிருக்கின்றன, கல்லீரல் போய்விட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் நிறைய இருக்கிறது, தசை உடைந்தால் அதுவும் ஏறும். 'லிவர் டெஸ்ட்' என்று தலைப்பில் அச்சடித்திருப்பதால் எல்லோரும் கல்லீரலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். இட்ராகோனசோல் கல்லீரலையும் கொஞ்சம் தொந்தரவு செய்யக்கூடியதுதான், அதை மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அந்த 'லிவர் டீடாக்ஸ்' டானிக்கை மட்டும் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

மிளகு? அதிலுள்ள பைப்பரின் இந்த 3ஏ4 என்சைமைத் தடுக்கும் என்பது சோதனைக்கூடத்தில் உண்மைதான். ரசத்தில் போடுகிற அளவுக்குக் கவலை வேண்டாம், தாராளமாகச் சாப்பிடுங்கள். மஞ்சள் சத்தையும் மிளகுச் சத்தையும் அடைத்து விற்கிற கேப்ஸ்யூல் வேறு கதை, அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

பம்பளிமாஸ் விஷயத்தில் மட்டும் வீடியோக்காரர் பாதி சரி. அதன் உறவுக்காரப் பழமான கிரேப்ஃபுரூட்டின் குணம் 1989இல் கனடாவில் தற்செயலாகத் தெரியவந்தது. ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, மதுவின் ருசி தெரியாமல் இருக்க அந்தச் சாற்றில் கலந்து கொடுத்தார்கள், மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட எங்கோ போய்விட்டது. பழத்திலுள்ள ஃபியூரனோகூமரின்கள் குடல் சுவரில் அந்த என்சைமைச் செயலிழக்க வைக்கின்றன, புதிதாக ஊறிவர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். பம்பளிமாஸிலும் அவை உண்டு. அட்டர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவரை அதைத் தவிருங்கள், சாத்துக்குடி குடியுங்கள்.

படர்தாமரைக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள், பழைய மாத்திரை அட்டைகளோடு. கடையில் கொடுத்த களிம்பு டியூபையும் கொண்டுபோங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், மூன்று வாரமாகியும் அரிப்பு போகாததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.